நுனி றப்பர் முடிய முதல்: ஹீல்ஸை வீட்டிலேயே திருத்திப் பாவிப்பது

சீமெந்துத் தரையில் நடந்து பாருங்கள். ஹீல்ஸ் "டொக், டொக்" என்று மந்தமாகக் கேட்டால் குதியின் நுனியில் றப்பர் இன்னும் இருக்கிறது. "டிக், டிக்" என்று கூராகக் கேட்கத் தொடங்கினால் றப்பர் முடிந்து, அதற்குள் இருக்கும் ஆணி தரையில் படுகிறது. அன்றைக்கே அந்தச் சோடியை ஒதுக்கி வைக்கவேண்டும். இன்னும் இரண்டு கலியாண வீடு தாங்கும் என்று விட்டால், ஐந்து நிமிட வேலை குதியையே மாற்றும் வேலையாக வந்து நிற்கும்.

வன்னியில் இந்தச் சத்தம் கெதியாகவே கேட்கும். ஏ9 வீதி தார்தான், ஆனால் அதிலிருந்து ஒழுங்கைக்குள் இறங்கினால் கிரவல். கிரவல் கல்லின் முனை றப்பரை அரம் போல ராவும். ஒல்லிக் குதியின் நுனி ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர்தான். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் அடியெடுத்து வைக்கும்போது ஒரு கணம் அவ்வளவு பாரமும் அந்த நுனியில் இறங்குகிறது. தட்டைச் செருப்பென்றால் அதே பாரம் பல மடங்கு பெரிய பரப்பில் பரவியிருக்கும். நுனி தேய்வதற்கும், மணல் முற்றத்தில் குதி புதைவதற்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

நுனி றப்பரை மாற்றுதல்

ஒல்லிக் குதி பெரும்பாலும் கடினமான பிளாஸ்டிக். அதன் நடுவே ஒரு இரும்புக் குழாய் ஓடும். நுனி றப்பரின் முதுகில் 3 மில்லிமீற்றர் அளவு தடிப்பில் ஒரு ஆணி இருக்கும், அது அந்தக் குழாய்க்குள் இறுகிப் பொருந்தும். பசை எதுவும் கிடையாது, இறுக்கம் மட்டும்தான் பிடிக்கிறது. ஆகவே கழற்றவும் முடியும், புதிதைப் பூட்டவும் முடியும்.

மாற்று நுனிகள் பல அளவுகள் கலந்த பைக்கற்றாக இணையக் கடைகளில் கிடைக்கும். நகரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் ஒரு சோடியாகவும் தருவார். வாங்கும்போது இரண்டு அளவு முக்கியம்: நுனியின் முகம் எவ்வளவு அகலம், ஆணி எவ்வளவு தடிப்பு. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் பிசகாத வழி. முகம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் வெட்டிச் சரிசெய்யலாம். ஆணி பிழைத்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

சப்பாத்தைத் தலைகீழாக மடியில் வைத்து, குதியை இடக்கையால் இறுகப் பிடியுங்கள். நுனி றப்பருக்கும் குதிக்கும் நடுவில் மெல்லிய கத்தி அலகை விட்டுச் சுற்றிவர ஒரு மயிரிழை இடைவெளி எடுத்தபிறகு, குறட்டால் றப்பரைக் கவ்வி இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே நேராக இழுக்கவேண்டும். பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்: பல்லுப் பிடுங்குவது போலப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். குதியின் அடிப்பகுதி மிக மெல்லிசு, பக்கவாட்டு விசையில் பிளாஸ்டிக் வெடிக்கும், குழாயின் வாயும் விரியும். வாய் விரிந்த குழாயில் பிறகு எந்த ஆணியும் நிற்காது.

றப்பர் மட்டும் பிய்ந்து ஆணி உள்ளே நின்றுவிட்டால் பதற வேண்டாம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே போதும், மோட்டார் சைக்கிள் கராச்சில் பாவிக்கும் பூட்டுக் குறட்டால் கவ்வித் திருகி எடுத்துவிடலாம். ஆணி குதியோடு மட்டமாகத் தேய்ந்திருந்தால் வீட்டில் முயலாதீர்கள். அதைத் துளைக்க ட்ரில் பிடித்த கை கொஞ்சம் வழுக்கினாலும் குதி போய்விடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள்.

புதிய நுனியின் ஆணியைக் கையால் அழுத்திப் பாருங்கள். மூன்றிலொரு பங்கு கையாலேயே இறங்கி, மிச்சம் இறங்க மறுத்தால் சரியான அளவு. முழுவதும் கையாலேயே போய்விட்டால் ஆணி ஒல்லி, நடுவழியில் கழன்று விழும். நுனியே நுழையாவிட்டால் ஆணி தடிப்பு, அடித்து ஏற்றினால் குதி பிளக்கும். நுனியின் முகம் பெரும்பாலும் அரைவட்டமாக இருக்கும். அதன் நேர்ப்பக்கம் விரல் பக்கத்தைப் பார்க்கவேண்டும், வளைந்த பக்கம் பின்னால்.

இனி அடிக்கவேண்டும். சப்பாத்தை வெறுமனே தரையில் கவிழ்த்து அடித்தால் அடியின் விசை வளைவான நடுப்பகுதியில் போய் அதை நெளிக்கும். சாண் நீள விறகுக்கட்டையின் ஒரு முனையில் பழைய துவாயைச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, அதன்மேல் சப்பாத்தின் குதிப்பகுதியை உள்ளிருந்து மாட்டுங்கள். இப்போது நுனி மேலே பார்க்கும், அதற்கு நேர் கீழே கட்டை தாங்கும். சின்னச் சுத்தியலால் நேராக, மெதுவாக, பத்துப் பன்னிரண்டு அடி. றப்பர் குதியோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியதும் நிறுத்தலாம். வெளியே நீட்டும் விளிம்பைச் சவர அலகால் சீவி, 120 இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, 240 ஆல் மினுக்கிவிடுங்கள். அலகை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டவேண்டும்.

குழாய் கொஞ்சம் தளர்ந்திருந்தால், ஆணியில் தையல் நூலை நெருக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு பகுதியாக வந்து, கலந்து பாவிக்கும் எப்பொக்சிப் பசையில் தோய்த்து இறக்கலாம். ஒரு நாள் முழுக்கக் காயவிடவேண்டும். ஆனால் அடுத்த முறை அந்த நுனியைக் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே இது கடைசி வழி.

ஒரு காலில் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும். பின்பக்க வெளிவிளிம்பு முதலில் தேய்வது வழமைதான், எல்லாரும் ஏறத்தாழ அப்படித்தான் கால் பதிக்கிறார்கள்.

கட்டைக் குதி

அகலக் குதிக்கு வேலை வேறு. அதில் நுனி றப்பர் பசையாலும் இரண்டு மூன்று சின்ன ஆணியாலும் பிடித்திருக்கும். கத்தியால் கிளப்பி, ஆணிகளைப் பிடுங்கி, அடியைச் சாண்ட் பேப்பரால் மட்டமாக்குங்கள். செருப்படிக்கென்று விற்கும் 5 அல்லது 6 மில்லிமீற்றர் றப்பர் தகட்டில் குதியை வைத்துப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டி ஒட்டுங்கள் (எந்தப் பசை, எப்படி என்பது கீழே). காய்ந்தபிறகு மிச்சத்தைச் சீவலாம்.

பழைய ரயர்த் துண்டை வெட்டிப் போடும் பழக்கம் இருக்கிறது. ரயர் தேயாது, உண்மைதான். ஆனால் அது வளைவானது, உள்ளே நூலும் கம்பியும் ஓடும், விளிம்பு ஒருநாளும் சுத்தமாக வராது. தோட்டத்துச் செருப்புக்குப் போடுங்கள், சாறியோடு போடும் சோடிக்கு வேண்டாம். பாத்றூம் செருப்பின் அடியை வெட்டிப் போட்டாலோ மறுகிழமையே சப்பிப்போகும்.

பசை: பொறுமை இல்லாதவர்களுக்கு ஒட்டாது

அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டு வந்தால் கை முதலில் போவது சுப்பர் குளூவுக்கு. அது இறுகினால் கண்ணாடி போல விறைத்துவிடும். அடித்தோலோ ஒவ்வொரு அடிக்கும் வளையும். ஆகவே நாலு நாளில் வெடித்துவிடும், வெடித்த இடத்தில் விறைத்த பசை படிந்திருப்பதால் பிறகு நல்ல பசையும் பிடிக்காது. பக்கத்தில் உள்ள மினுங்கல் தோலில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஒரு படலமும் வரும். கழன்ற அலங்காரக் கல் ஒன்றைத் திரும்ப ஒட்ட ஒரு சொட்டு, அவ்வளவுக்குத்தான் அது உதவும். சிந்தியதைப் பஞ்சால் துடைக்கவே கூடாது, பருத்தி பட்டால் அது சூடேறிக் கையைச் சுடும்.

சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷனும் இதற்குச் சரிவராது. றப்பரோடு றப்பரை அது பிடிக்கும், தோலிலும் றெக்சினிலும் பிடி குறைவு. தேவையானது தோல், றெக்சின், றப்பர் மூன்றையும் ஒட்டவென்று பேணியில் வரும் மஞ்சள் நிறப் பசை. அதைப் பாவிக்கும் முறை மற்றப் பசைகளுக்கு நேரெதிர்: ஈரமாக இருக்கும்போது ஒட்டக்கூடாது.

பிளந்த வாய்க்குள் இருக்கும் மண்ணைப் பழைய பல்லுப் பிறஸ்ஸால் தட்டி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பக்கத்தையும் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்குங்கள். கிரவல் செம்மண் துகள் ஒரு படலமாக நின்றால் பசை அந்தத் துகளைத்தான் ஒட்டும், தோலை அல்ல. பிறகு இரண்டு பக்கத்திலும் மெல்லிய பூச்சு. தடித்துப் பூசினால் நடுவில் காயாமல் நின்று வழுக்கும். 10 முதல் 15 நிமிடம் திறந்தபடி விடவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஏழெட்டு நிமிடமே போதும், மாரியில் 20 நிமிடமும் எடுக்கும். மணிக்கூட்டை விட விரல் நம்பகமானது: புறங்கை விரலால் தொட்டால் பிசுபிசுக்கவேண்டும், ஆனால் நூலிழுக்கக் கூடாது. அப்போது ஒரேயடியாகப் பொருத்தி அமத்துங்கள். பொருந்திய பிறகு நகர்த்த முடியாது, ஆகவே விரல் பக்கத்தில் தொடங்கி நடுப்பக்கமாக வாருங்கள்.

அமத்திப் பிடிக்க வீட்டிலேயே நல்ல சாமான் இருக்கிறது: பழைய சைக்கிள் ரியூப். ஒரு அங்குல அகல நாடாவாக வெட்டி, சப்பாத்தைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுங்கள். றப்பர் வளைவுகளுக்கு ஏற்ப நெருக்கும், கயிறு போலத் தோலில் தழும்பு விழுத்தாது. 24 மணித்தியாலம் அப்படியே. பசையின் ஆவி தலையை இடிக்கும், நெருப்பும் பிடிக்கும். விறாந்தையில் இருந்து செய்யுங்கள், குசினிக்குள் வேண்டாம்.

குதி ஆடினால்

குதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் அதோடு நடக்கக்கூடாது. மேலிருந்து, பாதம் படும் மெல்லிய உள்தோலைக் குதிப்பக்கமாக ஐந்தாறு சென்ரிமீற்றர் கிளப்பவேண்டும். ஹெயார் டிறையரால் அரை நிமிடம் சூடு காட்டினால் பசை இளகி முழுதாக வரும், இழுத்தால் கிழியும். கீழே நடுவில் ஒரு ஸ்குறூவும் சுற்றிவர நாலைந்து ஆணியும் தெரியும். பெரும்பாலும் ஸ்குறூதான் தளர்ந்திருக்கும், இறுக்கினால் முடிந்தது.

ஸ்குறூ இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் பிளாஸ்டிக்கில் புரி போய்விட்டது. அதே நீளத்தில் ஒரு படி தடிப்பான ஸ்குறூ போடுங்கள். நீளம் கூடினால் வளைந்த குதியின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். குதிக்கும் மேற்பாகத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் எப்பொக்சியைப் பல்லுக்குத்தும் குச்சியால் உள்ளே தள்ளி, ஸ்குறூவை இறுக்கி, ரியூப் நாடாவால் கட்டி ஒரு நாள் விடுங்கள். உள்தோலைத் திரும்ப ஒட்ட முதல் விரலால் தடவி, தலை நீட்டும் ஆணி எதுவும் இல்லை என்று பாருங்கள். பக்கத்திலிருந்து ஆணி அடித்துக் குதியை நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டாம் நாள் அந்த இடத்திலிருந்தே வெடிக்கும்.

உரசல், சிராய்ப்பு, வார்

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர்களின் ஹீல்ஸில் ஒரே இடத்தில் காயம் இருக்கும்: கால் மிதியில் குதியைக் கொளுவிக்கொண்டு இருப்பதால் குதியின் முன்பக்கத் தோல் கிழியும். வலக்காலில் சைலன்சர் பட்டு றெக்சின் உருகிய தழும்பும் சிலவேளை இருக்கும். உருகியது திரும்பாது. கிழிந்த மடிப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். பல்லுக்குத்தும் குச்சியால் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, மேலிருந்து கீழாக வழித்து ஒட்டுங்கள். நிறம் போன இடத்துக்கு அதே நிற அக்ரிலிக் வர்ணம், மிக மெல்லிய இரண்டு பூச்சு. நெயில் பொலிஷ் மினுங்கல் தோலில் ஒரு பொட்டளவுக்கு ஒப்பேறும். நெயில் பொலிஷ் அழிக்கும் திரவத்தை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அதில் அசற்றோன் இருந்தால் மினுங்கல் படலம் கரையும், குதியின் பிளாஸ்டிக்கும் கரையலாம்.

வார் அறுந்தால் பசையை நம்பாமல் தையுங்கள். இதற்கு முல்லைத்தீவுக் கரையில் கிடைப்பதை விட நல்ல நூல் இல்லை: வலை பொத்தும் முறுக்கு நைலோன் நூல். தங்கூசி என்ற ஒற்றை இழை நைலோன் வேண்டாம். அது வழுக்கி முடிச்சு அவிழும், இறுக்கினால் தோலை அறுக்கும். முறுக்கு நூலில் மெழுகுதிரியை நாலு தரம் இழுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோர்த்து, முதலில் ஊசித் துளைகளை மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் குத்தி வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து போகவேண்டும். ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடிக்கும். பழைய தையல் துளைகள் கிழியாமல் இருந்தால் அவற்றையே பாவியுங்கள். புதுத் துளை கூடக் கூட வார் முத்திரை போலக் கிழிய வசதியாகும்.

பக்கிளுக்குப் புதிய துளை வேண்டுமென்றால் றெக்சின் வாருக்குக் காய்ச்சிய ஆணி சரி, உருகிய விளிம்பு தானே இறுகும். உண்மைத் தோலில் சூடு வைத்தால் அந்த இடம் கருகி நொறுங்கும், அதற்குத் துளைக்கும் கருவிதான்.

புழுதியும் மாரியும்

சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி தையலுக்குள் எல்லாம் போய் இருக்கும். ஈரச் சீலையால் துடைப்பதுதான் முதல் பிழை: புழுதி சேறாகி நூலுக்குள் இறங்கும், வெளிர் நிறச் சப்பாத்தில் அந்தச் சிவப்புப் போகவே போகாது. முதலில் காய்ந்த மெல்லிய பிறஸ்ஸால் தட்டுங்கள், பிறகுதான் சவர்க்கார நுரையைச் சீலையில் எடுத்துத் துடைப்பது. வாளித் தண்ணீரில் ஊறவைப்பது வேண்டவே வேண்டாம். பாதத்தின் அடியில் அழுத்திய கடதாசி அட்டை இருக்கும், ஊறினால் பொருமும்.

மழையில் நனைந்து வந்தால் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக் காற்றில் பக்கவாட்டாகக் கிடத்துங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தாளை மாற்றவேண்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். கோயில் வாசலில் கழற்றிவிட்டுப் போகும்போதும் இதே பிரச்சினைதான். பொங்கல் முடிந்து வர இரண்டு மணித்தியாலம் ஆகுமென்றால் சுடுமணலில் விடாமல் மர நிழலில் விடுங்கள்.

ஐப்பசியில் தொடங்கும் மாரியில் அலுமாரிக்குள் பூஞ்சணம் வரும். வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு கலந்து, தெரியாத இடத்தில் சோதித்துவிட்டு, பிழிந்த சீலையால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெல்வெட், ஸ்வேட் போன்ற பூந்தோலுக்கு இது ஆகாது, அதற்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிறஸ் மட்டும். மணம் இருந்தால் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவை மெல்லிய சீலையில் முடிந்து இரவு முழுக்க உள்ளே வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டிவைப்பது ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைப்பதுதான். கடதாசிப் பெட்டியும் ஒரு சிலிக்கா ஜெல் பைக்கற்றும் நல்லது.

மணல் முற்றத்தில் கலியாண வீடு என்றால் குதி நுனிக்குப் போடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தொப்பி வாங்குங்கள். பரப்புக் கூடுவதால் புதையாது, கிரவலும் றப்பரைத் தொடாது. மண்டபத்து ரைல்ஸில் ஏறும்போது கழற்றிவிடுங்கள், சில தொப்பி அங்கே வழுக்கும். புதுச் சோடியின் அடித்தோலும் ரைல்ஸில் வழுக்கும், முன்பாதப் பகுதியை 80 இலக்கச் சாண்ட் பேப்பரால் குறுக்காக நாலு தேய் தேய்த்தால் பிடிக்கும்.

திருத்த முடியாதவை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பார்சலில் வந்த சோடியை நல்ல நாளுக்கென்று ஏழெட்டு வருடம் அலுமாரியில் வைத்திருப்போம். போட்ட அன்றைக்கே அடி பிஸ்கட் போல நொறுங்கிக் கொட்டும். அந்த அடி பொலியூறெத்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும், பாவிக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். நொறுங்கும் பொருளில் எந்தப் பசையும் நிற்காது. வீட்டை விட்டு வெளிக்கிட முதல் அடியைக் கட்டைவிரலால் அமத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, நகம் பட்டு உதிர்ந்தாலோ அந்தச் சோடியில் போகாதீர்கள்.

மற்றது நடு வளைவுக்குள் இருக்கும் உருக்குத் தகடு. வெறும் சப்பாத்தை மேசையில் வைத்து நடு வளைவை விரலால் அமத்துங்கள். நல்ல சோடி அசையாது. வளைவு தொய்ந்து, குதி பின்பக்கமாகச் சரிந்து, நுனி றப்பர் மேசையில் முழுதாகப் படாமல் நின்றால் தகடு முறிந்துவிட்டது. அதை மாற்ற அடித்தோல் முழுவதையும் பிரிக்கவேண்டும், அது வீட்டு வேலை இல்லை. செருப்புத் தைப்பவரும் முடியாது என்றால், எறிய முதல் பக்கிள், கல், கழன்று வரும் நுனி றப்பர் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பேணியில் போட்டு வையுங்கள். அதே ஆணி அளவுள்ள வேறொரு சோடி வீட்டில் இருக்கும்.